கலியாணம் பேசுவது யார்? – ஹட்டன் மலையில் கேட்டவை

கிளிநொச்சியிலிருந்து கண்டி வரை ஒரு பஸ். கண்டியிலிருந்து ஹட்டனுக்கு இன்னொன்று. நாவலப்பிட்டி கடந்து கினிகத்தேனையில் ஏற்றம் தொடங்கும்போதே காது அடைத்துக்கொள்கிறது. வட்டவளைக்குக் கிட்ட வந்ததும் குளிர் தாங்காமல் யன்னலை மூடச் சொல்லிப் பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். வன்னி வெயிலில் வளர்ந்த எனக்கோ அந்தக் காற்று போதவில்லை. அது 2024 பெப்ரவரி மாதம். சமூகப் பணியாளர்களுக்கான மூன்று நாள் பயிற்சிக்குத்தான் போயிருந்தேன். பயிற்சி முடிந்த பின்னர் மேலும் நான்கு நாட்கள் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஹட்டன் நான்காயிரம் அடிக்கு மேலே உள்ள சிறிய நகரம். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்கள் இங்கே இறங்கித்தான் நல்லதண்ணிக்குப் பஸ் எடுப்பார்கள். அதனால் நான் போன நேரம் புகையிரத நிலையத்தடியில் மூட்டை முடிச்சுகளோடு ஒரே சனம். மாணிக்கப்பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பிரதான வீதியில் நடந்தால் நகைக்கடை, புடைவைக்கடை, படம் பிடிக்கும் ஸ்டூடியோ, அடகுக்கடை என்று வரிசையாக வருகின்றன. ஒரு கலியாணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த ஒரே வீதியில் வாங்கி முடிக்கலாம். பிறகு அதே வீதியில் அவற்றை அடகும் வைக்கலாம். மாதம் 10ஆம் திகதியை ஒட்டித் தோட்டங்களில் சம்பளம் போடுவார்கள். அந்த நாட்களில் இந்த வீதியில் நடக்க இடம் இராது என்று தேநீர்க்கடைக்காரர் சொன்னார்.

எதற்காக நான்கு நாட்கள் கூடுதலாக நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் கிராமங்களில் கணவனை இழந்த, கணவன் காணாமற்போன சகோதரிகள் பலரோடு பழகுகிறேன். ‘பேசிச் செய்ததா, விரும்பிச் செய்ததா?’ என்ற கேள்வியை அவர்களிடம் நான் கேட்பதில்லை. ஆனால் அவர்களாகவே அந்தப் பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். விரும்பிக் கட்டியவர் என்றால், ‘உன்ரை விருப்பத்துக்குத்தானே போனனீ, இனி நீயே பார்’ என்று தாய் வீட்டில் சொல்லியிருப்பார்கள். யுத்தத்தில் கணவன் இறந்ததற்கும் அவள் விரும்பிக் கட்டியதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் இல்லை. பேசிச் செய்த கலியாணம் என்றால் இந்தப் பேச்சு இல்லை. ஒரு நேரச் சோறாவது வரும். கலியாணம் எப்படி நடந்தது என்பது இருபது வருடம் கழித்தும் ஒரு பெண்ணின் அடுப்பில் வந்து நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் சிலருடைய அம்மம்மாவோ அப்பம்மாவோ ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். 1958 கலவரம், எழுபதுகளின் நடுப்பகுதியில் வந்த பஞ்சம், 1977 கலவரம் என்று ஒவ்வொரு அடியிலும் ஒரு கூட்டம் மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கி வந்தது. அவர்கள் விட்டுவந்த இடத்தில் இன்று பெண் பிள்ளைகளின் கலியாணம் எப்படி முடிவாகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பிரட்டுக்களம் தாண்டி, பிள்ளை மடுவம் தாண்டி, படி படியாக ஏறினால் லயம். முதல் லயத்தில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மாயி இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். நான் கிளிநொச்சியிலிருந்து வருகிறேன் என்றதும், “அங்க எங்க ஆளுக நெறைய இருக்காங்களே” என்றார். தேநீர் ஊற்றச் சொல்லிப் பேத்தியை அனுப்பிவிட்டுத் தன் கலியாணத்தைச் சொல்லத் தொடங்கினார்.

“எங்க காலத்துல பொண்ணு கேட்டு வர்றவங்க மொதல்ல கங்காணியத்தான் பாப்பாங்க. அப்பறந்தான் அப்பன்கிட்ட பேச்சு.”

அம்மாயிக்கு ஒரு முறை மாப்பிள்ளை இருந்தார். தாய்மாமன் மகன். சின்ன வயதிலேயே பேசி வைத்தது. இருவரும் ஒரே மலையில்தான் வேலை. அவரைப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். அம்மாயி சிரித்தார். “பிடிக்காம என்னா, மாமா மவன்தானே.” அவரைப் பொறுத்தவரை பேச்சுக் கலியாணமும் விருப்பக் கலியாணமும் அந்த ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. ஆனால் அது நடக்கவில்லை.

1948இல் கொண்டுவரப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை இரண்டு நாடுகளும் பாதி பாதியாக ஏற்பதென்று 1974இல் முடிவானது. இதைப் பாடசாலையில் வரலாறாகப் படித்திருக்கிறோம். ஒரு பெண்ணின் கலியாணத்துக்கு இது என்ன செய்தது என்பதை அம்மாயிதான் எனக்குச் சொன்னார்.

“பொண்ணு பாக்க வந்தா சாதி கேப்பாங்க, குலதெய்வம் கேப்பாங்க. அப்பறம் புதுசா ஒன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க, இந்தியாவா சிலோனான்னு.”

மாமா குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தது. அம்மாயியின் தகப்பன் இங்கே இருக்க எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் போட்ட வீட்டில் மறுபக்கம் போட்ட வீட்டார் பெண் எடுக்கத் தயங்கினார்கள். பேச்சு நின்றது. மாமா குடும்பத்தை ஹட்டன் நிலையத்தில் ஏற்றிவிட அம்மாயியும் போனார். அங்கிருந்து தலைமன்னார், பிறகு கப்பல். பிரிகிறவர்களின் அழுகையால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. அடுத்த வருடம் பக்கத்து டிவிசனிலிருந்து ஒருவர் வந்து பரிசம் போட்டார். இலங்கைப் பக்கம் விண்ணப்பித்தவர். தாலி கட்டும் வரை அவர் முகத்தை அம்மாயி சரியாகப் பார்க்கவில்லை.

“போனவங்க கடிதாசி போட்டாங்க. கொடைக்கானல் பக்கம் கூப்புல மரம் வெட்டுறாங்களாம். காசுக்குக் கட்டுப்பட்டு வெளிய வர முடியலையாம். நான் போயிருந்தா நானுந்தான்.” சிறிது நேரம் பேசாமலிருந்து, “இவரும் நல்ல மனுசன்தான்” என்று முடித்தார்.

சமூகவியல் படித்த காலத்தில் மலையகம் பற்றிய சில ஆய்வுகளை வாசித்திருக்கிறேன். ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1975இல் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துச் சாதி முறை தோட்டத்தில் எவ்வாறு தொடர்ந்தது என்பதே அதன் பொருள். பெரிய கங்காணிமார் தங்கள் ஊர், தங்கள் உறவு, தங்கள் சாதி என்று ஆட்களைத் திரட்டி வந்தார்கள். இன்னார் இன்ன லயத்தில் என்று இருத்தினார்கள். வேலைக்கு இறங்கும் ஆட்களின் தொகைப்படி கங்காணிக்குக் காசு கிடைத்தது. ஆகவே ஒரு பெண் வேறு தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போவது அவருக்கு நட்டம். கடன் எழுதிய துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. என்றாலும் தோட்டம் மாறுவதற்குப் பற்றுச்சீட்டு வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ‘பெற்றோர் பார்த்துச் செய்த கலியாணம்’ என்று நாம் சொல்வதில் பெற்றோருக்குப் பின்னால் கங்காணியும் துரையும், பிறகு இரண்டு நாட்டு அரசாங்கங்களும் நின்றிருக்கின்றன. அமலி பிலிப்ஸ் என்ற மானிடவியலாளர் 2005இல் எழுதிய நீண்ட கட்டுரை, மலையகப் பெண்ணின் கலியாணத்தையும் தோட்ட வேலை முறையையும் சேர்த்தே பார்க்கிறது. அந்தக் கண்ணோட்டம் எனக்கு மிகவும் உதவியது.

இரண்டாவது நாள் நான் சந்தித்தவர் நாற்பதைக் கடந்த ஒரு சகோதரி. கொழுந்தெடுப்பவர். ஞாயிற்றுக்கிழமையாதலால் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். விரும்பிக் கட்டியவர்.

“ஓடிப்போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னாங்க. நான் எங்கங்க ஓடினேன்? மேல் டிவிசன்லேருந்து கீழ் டிவிசனுக்கு நடந்து போனேன். அரை மணித்தியாலம்.”

இது 2002இல். அப்போது அவருக்கு 19 வயது. ஓராண்டுக்கு முன்புதான் செக்றோலில் பேர் பதிந்திருந்தார்கள். தோட்டத்தில் ‘பேர் இருக்கிறது’ என்றால் பெரிய விஷயம். நிரந்தர வேலை, சேமலாப நிதி, பிரசவ சகாயம் எல்லாம் அந்தப் பேரோடு வருகின்றன. மாப்பிள்ளை வேறு சாதி. எந்தச் சாதி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “நம்ம ஆளுங்க இல்ல” என்பதுடன் பேச்சு முடிந்தது. வடக்கில் நாங்கள் ‘எங்கடை ஆக்களோ?’ என்று கேட்பதும் அதேதானே.

அடுத்த நாள் காலை அவர் வழமைபோல் பிரட்டுக்குப் போனார். அதே மலை. அம்மா இரண்டு நிரை தள்ளி நின்று கொழுந்தெடுக்கிறார். எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தினமும் ஒரே மலையில்தான் இருவரும். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை விரும்பிப் போனால் ஊரை விட்டே போக வேண்டும், படிப்பும் வேலையும் அத்தோடு நின்றுவிடும். இவருக்கு ஒரு நாள் வேலைகூட நிற்கவில்லை.

“10ஆம் திகதி சம்பளம் எடுக்க நானே போயி நின்னேன். அது வரைக்கும் அம்மாதான் என் சம்பளத்த வாங்கும். அன்னிக்கும் வந்து வரிசையில நிக்குது. என்னயப் பாத்துச்சு. ஒன்னும் பேசல. தன் சம்பளத்த மட்டும் வாங்கிட்டுப் போயிருச்சு.”

இந்த இடத்தில் நான் நிறைய யோசித்தேன். தோட்டங்களில் மகளின் சம்பளத்தைத் தகப்பனோ தாயோ, மனைவியின் சம்பளத்தைக் கணவனோ கையெழுத்து வைத்து வாங்குவது நெடுநாள் வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. சமமாக வந்த சம்பளமும் பல வீடுகளில் அவள் கைக்கு நேராக வரவில்லை. அந்தத் தாயின் கோபம் சாதிக்காக மட்டும் வந்ததல்ல என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு பேர் போய்விட்டது. இரண்டு தம்பிமார் பாடசாலையில். தகப்பன் நோயாளி. மகளுக்குப் பேசிச் செய்திருந்தாலும் அந்தச் சம்பளம் போகத்தான் செய்யும். ஆனால் எப்போது போவது என்பதைத் தாய் முடிவு செய்திருப்பார். இதைத் தாயின் சுயநலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டிக்கொண்டு போன இடத்தில் இருக்க இடம் இல்லை. லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. மாமனார், மாமியார், கணவரின் சகோதரங்கள், இவர்கள் என்று ஏழு பேர். காலியான காம்பரா எதுவும் இல்லையென்று தோட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. இஸ்தோப்பைத் தகரம் வைத்து அடைத்து அதற்குள் நான்கு வருடம் இருந்தார்கள். தனிக் கதவுகூட இல்லாத இடத்தில் மாமியாரோடு ஒத்துப்போவதைத் தவிர ஒரு பெண்ணுக்கு வழியில்லை. பெற்றோர் பார்த்துச் செய்யும்போது முதலில் விசாரிப்பதே இந்த இடவசதியைத்தான். விரும்பிய பிள்ளைகள் இதை யோசிப்பதில்லை என்று அவரே சொன்னார். “அவர் மொகத்தப் பாத்தேன், காம்பராவப் பாக்கல.”

ஒரு நாள் இரவு அடி விழுந்தது. குடித்துவிட்டு வந்த நாள். மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா லயத்துக்குப் போனார். அம்மா கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து தம்பி, “நீயாத் தேடிக்கிட்டதுதானே” என்றான். விடியும் வரை இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். கிளிநொச்சியிலும் அதே வார்த்தை, ஹட்டனிலும் அதே வார்த்தை. பிறகு தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் வந்து கணவரைக் கண்டித்துப் பேசி முடித்தார். பேசிச் செய்த கலியாணம் என்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இவருக்குத் தலைவர் ஒருவர்தான்.

பெரியவர்கள் வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்கள் என்றும் கேட்க வேண்டும். அடுத்த லயத்தில் பேசிக் கட்டிய இன்னொரு சகோதரியைக் கண்டேன். மூன்று முறை அடிபட்டு வந்தவரை மூன்று முறையும் பெரியவர்கள் சமாதானம் சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சபை கூடியது. சாட்சிகள் இருந்தார்கள். திரும்பிப் போனவர் அவர்தான்.

ஆகவே யார் பார்த்த மாப்பிள்ளை என்பதைவிட, பிரச்சினை வந்த இரவில் அவளுக்கு எந்தக் கதவு திறக்கும், அவள் கையில் யாருடைய காசு இருக்கும் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வடக்கு கிழக்கில் எங்கள் நிலை வேறு. யாழ்ப்பாணத்தில் மகளுக்குச் சீதனமாகக் காணியோ வீடோ எழுதுவார்கள். மட்டக்களப்பில் தாய் வீட்டையே மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. சீதனத்தால் வரும் கொடுமைகளை இந்தப் பக்கங்களில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. ஆனாலும் யுத்தத்துக்குப் பிறகு தறப்பாளைக் கட்டிக்கொண்டு போய் இருப்பதற்குத் தன் பெயரில் ஒரு துண்டு நிலம் இருந்த பெண்கள் தப்பிக்கொண்டதையும் கண்டிருக்கிறேன். மலையகத்தில் லயம் தோட்ட நிர்வாகத்தின் கையில். தோட்டங்கள் 1972, 1975 ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. யார் கைக்குப் போனாலும் காம்பரா தொழிலாளியுடையதாகவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீடுகளைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன, தொகைதான் போதாது. எங்கள் பெண்ணுக்கு வீடு இருக்கலாம், மாதச் சம்பளம் இல்லை. அவர்கள் பெண்ணுக்குச் சம்பளம் இருக்கலாம், வீடு இல்லை.

இன்னுமொன்று. படித்த பிள்ளைகள் தாங்களே தெரிவு செய்வார்கள், படிக்காதவர்கள் பெற்றோர் சொல் கேட்பார்கள் என்று பலர் நினைக்கிறோம். நான் பேசிய அளவில் அது தலைகீழாக இருந்தது. கொழுந்தெடுக்கும் பிள்ளைகளில் பலர் விரும்பித்தான் கட்டுகிறார்கள். கோட்டகலைக்குக் கிட்ட உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியையானவர்களுக்கு வீட்டில் மும்முரமாகப் பேச்சு நடக்கிறது. ஒரு டீச்சர் சொன்னார்: “மிஸ், எங்கம்மா கூடை தூக்கித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?” பரிசம் போட்டுப் பெண் எடுத்த மலையகத்தில் இப்போது படித்த மாப்பிள்ளைக்குச் சீர், நகை, மோட்டார் சைக்கிள் என்று பெண் வீட்டார் கொடுக்கிறார்கள். எங்களிடமிருந்து போன பழக்கமோ தெரியாது. நல்லதாகப் பார்த்து வேறெதையாவது எடுத்திருக்கலாம்.

சட்ட விடயம் இரண்டு சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் பயன்படும். பொது விவாகச் சட்டப்படி திருமண வயது 1995இலிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் 18. பெற்றோர் கையெழுத்து வைத்தாலும் அதற்குக் குறைந்த வயதில் பதிய முடியாது. (முஸ்லிம் சகோதரிகளுக்கு வேறு சட்டம்.) 2006க்கும் 2009க்கும் இடையில் வன்னியில் எத்தனை பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் அவசர அவசரமாகத் தாலி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணம் கட்டினால் ஆட்சேர்ப்பிலிருந்து தப்பலாம் என்று பெற்றோர் நம்பினார்கள். அது பேச்சுக் கலியாணமும் அல்ல, விருப்பக் கலியாணமும் அல்ல. பயம் செய்து வைத்த கலியாணம். அவற்றில் பல பதியப்படவில்லை. சமய முறைப்படி நடந்த கலியாணத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதுண்டு. ஆனால் ஐயரும் இல்லை, சாட்சியும் இல்லை, படமும் இல்லை என்ற நிலையில் அதை எப்படி நிரூபிப்பது? மலையகத்திலும் பதியாத கலியாணங்கள் ஏராளம். காரணம் வேறு. நாடற்றவர்களாக இருந்த காலத்தில் பிறப்புப் பதிவே பலருக்கு ஒழுங்காக இருக்கவில்லை. மீந்திருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

பதிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கும் தோட்டத்துப் பெண்களுக்கு அங்குள்ள ஓர் உத்தியோகத்தர் சேமலாப நிதியை உதாரணம் காட்டுகிறார். சாதாரணமாகப் பெண் ஊழியர் ஒருவர் 50 வயதில்தான் அந்தப் பணத்தை எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடுகிற பெண் முன்னதாகவே பெறலாம். அதற்கு விவாகச் சான்றிதழ் வேண்டும். இது நல்ல ஏற்பாடுபோலத் தோன்றினாலும் எனக்கு முழு உடன்பாடில்லை. பேரையும் வெட்டிக்கொண்டு, ஐந்தாறு வருடச் சேமிப்பையும் எடுத்துச் சங்கிலியாக்கினால், அந்தச் சங்கிலி எங்கே போகும் என்று ஹட்டன் பிரதான வீதியில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

கீழ் டிவிசனுக்கு நடந்து போன சகோதரிக்கு இப்போது வளர்ந்த மகள். 20 வயது. நகரத்தில் புடைவைக்கடையில் வேலை. துணிகளைக் காயப்போட்டுக்கொண்டே அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார், “நீங்க கிளிநொச்சிதானே, ஒரு பையனப் பத்தி விசாரிச்சுச் சொல்றீங்களா?”

2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை. அதில் நடந்த கிளிநொச்சிப் பையன் ஒருவன், பிறகு தன் அப்பம்மாவின் உறவுகளைத் தேடி நோர்வூட் பக்கம் வந்திருக்கிறான். அந்த உறவு வீட்டுக் கோயில் திருவிழாவில் இந்தப் பிள்ளையைக் கண்டான். அதற்குப் பிறகு எல்லாம் தொலைபேசியில்.

“உங்களுக்கு விருப்பமில்லையா அக்கா?”

“விருப்பமில்லைன்னு நான் எந்த வாயால சொல்றது? ஆனா விசாரிக்கணும்ல. எங்கம்மா விசாரிக்கிறதுக்கு நான் விடல. நான் விசாரிக்கிறேன்.”

என்ன விசாரிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். குடிக்கிறானா? ஏற்கெனவே கட்டியிருக்கிறானா? எங்கே இருப்பார்கள், எத்தனை பேர் அந்த வீட்டில்? சாதி கேட்க வேண்டாம், அதைக் கணவர் எப்படியும் கேட்டுக்கொள்வார். முறை மட்டும் பார்க்க வேண்டும். பையனின் அப்பம்மா இவருடைய மாமனாருக்குத் தூரத்து உறவாம். மாமன் மகன் முறை வந்தால் பிரச்சினையில்லை, அண்ணன் முறை வந்தால் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விரும்பிய பிறகு முறை பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அங்கே அப்படித்தான் செய்கிறார்கள். முறை சரியாக வந்துவிட்டால் காதல் கலியாணம் ஒரே நாளில் பேச்சுக் கலியாணமாகிவிடும். சபைக்கும் ஆட்கள் கிடைப்பார்கள்.

மார்ச் மாதம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். யார் அனுப்பி வந்தேன் என்பதைத் தாயிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் 2009இல் கணவரை இழந்தவர். அனுமதிப்பத்திரக் காணியில் வீட்டுத்திட்ட வீடு. பையன் மேசன் வேலை. குடிப்பதாக அயலில் யாரும் சொல்லவில்லை. நல்ல மனிசி, உடனே தேத்தண்ணி தந்தார். ஆனால் பேச்சு வந்ததும் தயங்கினார்.

“தோட்டத்துப் பிள்ளை எண்டு இஞ்ச சனம் கதைக்கும் தங்கச்சி.”

“உங்கட மாமியும் அங்கயிருந்துதானே வந்தவா?”

“ஓம். நாங்கள் அதை இப்ப வெளியில சொல்லுறேல்லை.”

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு குடும்பம் தன் ஊரை மறைத்து வாழ்ந்திருக்கிறது. ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல்லுக்குப் பயந்துதான். மகன் அதைத் தேடிக்கொண்டு மாத்தளை வரை நடந்திருக்கிறான். இது தாய்க்கு விளங்கவுமில்லை, கோபமுமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், “பிள்ளைக்கு என்ன குடுப்பினம்?”

சீதனம் கேட்டு நான் தூது போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படிக் கேட்டதை மட்டும் மறைக்காமல் ஹட்டனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“மூணு பவுன் நாங்க எப்படியும் போடுவோம், அவங்க கேக்காட்டியும். அது கெடக்கட்டும். அந்த வீடு யார் பேர்ல இருக்கு?”

காணி அனுமதிப்பத்திரம் தாயின் பெயரில் என்றேன்.

“அவங்களுக்கு அப்பறம் யாருக்குன்னு எழுதியிருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்க. எம்மகள மறுபடியும் ஒரு இஸ்தோப்புக்கு அனுப்பமாட்டேன். இன்னொன்னு, மொதல்ல பதியணும். அப்பறம்தான் கோயில்.”

அதையும் போய்க் கேட்டேன். பின்னுரித்தாளியாக யாரையும் இன்னும் குறிக்கவில்லை என்றும், மகனோடு யோசித்துச் சொல்வதாகவும் பையனின் தாய் சொன்னார். சீதனக் கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை. முறை சரியாகத்தான் வருகிறதென்று நோர்வூட்டிலிருந்து பெரியவர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். இதற்கிடையில் விவாகப் பதிவாளரிடம் போனவர்களுக்கு வேறொரு வில்லங்கம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிறது. அதைத் திருத்துவதற்காக அம்மாவும் மகளும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்களாம்.